வெள்ளிக்கிழமை மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

போன மாதம் கடைப்பக்கம் போயிருந்தேன். வேலையை விட்டு வந்த பிறகும் கால் தானாக அந்த மாடிப்படிக்குத்தான் போகிறது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்கள். "இதுல ராம் போர்டோட ஒட்டியே வருது அண்ணாச்சி. நாம கழத்தி மாட்ட ஒண்ணுமே இல்ல" என்றார்கள். அப்புறம் வழக்கம்போல என் வாயைக் கிண்ட ஆரம்பித்தார்கள். "நீங்க பார்த்ததுலயே உங்களை ரொம்பப் படுத்துன கம்ப்ளெயின்ட் எது?"

இதற்கு நான் எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஓடிய கம்ப்யூட்டர். உடனே சிரிப்பார்கள். நான் சொல்லத் தொடங்குவதற்குள் யாராவது சார்ஜரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்துவிடுவார். சொல்லாமல் விட்ட கதை தொண்டையிலேயே கிடக்கும். அதனால்தான் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவன் இல்லை. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஆலையை மூடியபோது எனக்கு நாற்பது வயது. கொஞ்ச காலம் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சீரியல் லைட் கட்டி ஓட்டினேன். அப்போதுதான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் விற்கவும் பழுது பார்க்கவும் ஒரு கடை திறந்திருந்தது. ஒயரிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதலாளி யாரென்று பார்த்தால், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த ஒரு பெண். பெயர் ஜெயராணி. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைகிட்ட வேலை பாக்கதுல உங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லயே?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"என் வீட்டுல மூணு பொம்பளைக. அங்க நான் முதலாளியா என்ன?" என்றேன். சிரித்துவிட்டார். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். நான் ராணி மேடம் என்று கூப்பிட்டேன். கடைசிவரை அப்படித்தான்.

அவர் புதியம்புத்தூர்க்காரர். அப்பா தையல்காரர். அந்த வளர்ப்பு அவர் கையில் இருந்தது. கேபினட்டைத் திறக்கும் முன் அதன் தகரத்தை ஒரு தடவை தொடுவார், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று. கழற்றும் திருகுகள் எல்லாம் ஒரு பவுடர் டப்பா மூடிக்குள் போகும். வெளியே ஒன்று உருண்டாலும் வேலை நிற்கும், தேடி எடுத்த பிறகுதான் அடுத்தது. ஒரு பழுதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே வழிதான். ஒரு பாகத்தை மாற்று, ஓட்டிப் பார், குணமாகவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டு, அப்புறம் அடுத்த பாகத்துக்குப் போ. அவசரத்தில் நான் ராமையும் பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றிவிட்டால் திட்டமாட்டார். என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மேஜைமேல் வைப்பார். அவ்வளவுதான். ஆலையில் மேஸ்திரிகள் கத்திய கத்தல் எதுவும் எனக்கு உறைத்ததில்லை, இது உறைத்தது.

எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர்கள், டியூஷன் எடுப்பவர்கள், மகளை எப்படியாவது இன்ஜினியர் ஆக்கிவிட வேண்டும் என்று நினைத்த லாரி டிரைவர்கள். புதுசு வாங்குங்கள் என்று அவர்களிடம் சொல்ல ராணி மேடத்துக்கு மனம் வராது. "முதல்ல துடைச்சுப் பாப்போம். அப்புறம் ராம் கூட்டுவோம். அதுக்கும் அசையலன்னா டிஸ்க். புது மிஷின் பேச்செல்லாம் கடைசியிலதான்" என்பார். எங்கள் ஆயுதங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கரிசல் தூசியைத் தட்ட பெயிண்ட் பிரஷ், ஊதித் தள்ள சைக்கிள் பம்பு, ராமின் பொன்னிறப் பற்களைத் தேய்க்கப் பென்சில் அழிக்கிற ரப்பர். கத்துகிற ஃபேனுக்கு அதன் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். செத்துவிட்டது என்று சாக்கில் கட்டிக் கொண்டுவந்த எத்தனையோ பெட்டிகள் இந்த நாலிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம் இன்னொன்று உண்டு. வீட்டுக்காரர்கள் என்ன சொன்னாலும் அந்த வீட்டுக்குள் சிரிக்கவே மாட்டார். ஒருமுறை ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். கேபினட் முழுக்கச் சந்தனப் பொட்டு, மானிட்டர் தலையில் மாலை. பிளாப்பி மட்டும் உள்ளே போக மறுத்தது. திறந்து பார்த்தால் டிரைவுக்குள் சர்க்கரைப் பொங்கல்.

"அதுக்கு வாய் அதுதான? எல்லாத்துக்கும் படைச்சமே, இது மட்டும் என்ன பாவம் செஞ்சதுன்னு ஒரு வாய் வச்சேன்" என்றார் வாத்தியார் வீட்டு அம்மா.

எனக்குச் சிரிப்பு முட்டியது. ராணி மேடம் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "முந்திரி எல்லாம் போட்டுருக்கீங்களே" என்று கேட்டு, கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டு, டிரைவைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்து ஓடவைத்தார். தெருமுனை திரும்பியதும் ஒரு அடிகுழாய் மேடையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க அதை ஒரு ஆளா நினைச்சிருக்காங்க அண்ணாச்சி. நாமதான் தகரம்னு நினைக்கோம்" என்றார்.

இனி செண்பகத்தின் கதைக்கு வருகிறேன்.

இடைசெவலுக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். ஆடு மேய்க்கும் குடும்பம். மாடசாமி என்ற பெரியவர், அவர் மனைவி பொன்னம்மா, மகள் செண்பகம். மகன் முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். செண்பகத்தையும் திருப்பூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். திருப்பூரில் இருந்தபோது ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றிருந்தாள். அந்த ஒரு வேலைதான் அவள் கையில் இருந்த சொத்து.

பெரியவர் கொஞ்சம் கிடாக்களை விற்று மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரு ஆபீஸில் கழித்த பழைய பென்டியம், இன்னொன்றிலிருந்து கழற்றிய ராம், ஓரம் மங்கிய மானிட்டர். இதையெல்லாம் சேர்த்து ராணி மேடம் பூட்டிக் கொடுத்தார். கார்த்திகை மாதம், நல்ல மழை ஈரத்தில் நான் போய் ஒயரிங் செய்தேன். எர்த் குழாயை வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற கல்லை ஒட்டி இறக்கினேன். கம்ப்யூட்டரின் தகரத்தில் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வழிதான் எர்த். அதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும். தண்ணீர் புழங்குகிற இடமாகப் பார்த்து வைப்பதுதான் முறை.

கோவில்பட்டியில் ஒரு அச்சகம் அவளுக்கு வேலை கொடுத்தது. கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கொடை நோட்டீஸ். அடித்து பிளாப்பியில் ஏற்றி மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் அச்சகத்துக்குப் போய்விடும். தை, மாசி நன்றாகவே ஓடியது.

பங்குனியில் ஆரம்பித்தது தொல்லை. அடித்துக்கொண்டு இருக்கும்போதே திரை உறைந்துவிடும். கீபோர்டு வேலை செய்யாது. பிளாப்பியில் ஏற்றியது திறக்காது. தகரத்தில் கை பட்டால் சுருக்கென்று பிடிக்கும். கார்த்திகைக்குப் பிறகு மழையும் ஏமாற்றியிருந்தது.

கிராமங்களுக்கு நான் கிழமை வைத்துத்தான் போவேன். இடைசெவல் பக்கத்துக்கு வெள்ளிக்கிழமை. நான் போய் சுவிட்சைப் போட்டால் அந்தக் கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்து ஓடும். மின்சாரம் பிடிக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனுக்கு முதலில் நினைவு வருவது எர்த்தான். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பும் இரண்டு ஒயரும், அதுதான் டெஸ்ட் லாம்ப். ஒரு ஒயரை மின்சாரம் வருகிற பேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தால், எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். எரிந்தது. ராமைத் தேய்த்துப் போட்டேன், தூசி தட்டினேன், செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

"நீங்க வந்தா ஓடுது அண்ணாச்சி. நீங்க போன ரெண்டாம் நாளு படுத்துக்கிடுது" என்றாள் செண்பகம் அடுத்த வெள்ளிக்கிழமை.

பொன்னம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "வெள்ளியும் செவ்வாயும் அதுக்குச் சாம்பிராணி காட்டுதேன். செவ்வாக்கிழம அம்மன் எறங்க மாட்டேங்கா. வெள்ளிக்கிழம ஒங்க கைராசியும் சேந்துக்கிடுது" என்றார். கைராசி என்று சொன்னதும் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. பெருமையாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வேலை காத்திருக்குமா? இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் தாமதமாகப் போய்விட்டன. அச்சகக்காரர் கண்டக்டரிடமே சொல்லி அனுப்பிவிட்டார். "அடுத்தது வைகாசி முகூர்த்தம். தாலி கட்டுத அன்னைக்குப் பத்திரிகைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இனி ஒரு தடவ பிந்திச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்." இது எப்படியோ திருப்பூருக்கும் எட்டியது. முருகேசன் சித்திரைக் கடைசியில் வருகிறேன், தங்கச்சி துணிமணியைக் கட்டி வைக்கட்டும், இங்கே செக்கிங் வேலை சொல்லி வைத்திருக்கிறேன் என்று தகவல் அனுப்பினான். அவன் கெட்டவன் இல்லை. ஊரார் பேச்சுக்குப் பயந்தவன்.

ஒரு சனிக்கிழமை காலையில் பெரியவர் கம்ப்யூட்டரைத் தன் கம்பளியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கடைப்படி ஏறி வந்தார். இறக்கி மாட்டினோம். ஓடியது. மதியம்வரை ஓடவிட்டோம். ஓடியது. ராணி மேடம் தன் முறைப்படி ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தார். மாற்றினாலும் ஓடியது, பழையதை மாட்டினாலும் ஓடியது. பெரியவர் சாப்பிடக்கூடப் போகவில்லை. சீக்கு ஆட்டுக்குக் காவல் இருப்பதுபோல் அதன் எதிரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கன நல்லாத்தான நிக்குது. வீட்டுக்கு வந்தா என்ன வந்துருது இதுக்கு?" என்று கேட்டார். கம்பளியை மடித்துக்கொண்டே தொடர்ந்தார். "எம்மவன் வந்தா கூட்டிட்டுப் போயிருவான் தாயி. அங்க போனா அண்ணன் வீட்டு அடுப்படிதான் அவளுக்கு. இங்கன இருந்தான்னா அவ கையி, அவ காசு, அவ சோறு. எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

ராணி மேடம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். எல்லாரும் எப்போது கெட்டுப்போகிறது என்றுதான் கேட்போம். அவர் மாற்றிக் கேட்டார்.

"அய்யா, அது எப்பெப்போ நல்லா இருக்கு?"

"அண்ணாச்சி வார அன்னைக்கு."

ராணி மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்னைக்குப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ இந்தத் தடவ செவ்வாய்க்கிழமை போவோம். நானும் வாரேன்."

என் கைராசியின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று எனக்கு லேசாக வருத்தம்கூட.

செவ்வாய்க்கிழமை பெட்டியோடு மினி பஸ்ஸில் போய் இறங்கினோம். பெரியவர் மேய்ச்சலுக்குப் போயிருந்தார். பெட்டியைப் பூட்டி சுவிட்சைப் போட்டோம். ராணி மேடம் பழக்கப்படி தகரத்தைத் தொட்டார். "ஆத்தி!" என்று கையை உதறினார். சற்று நேரத்தில் திரையும் உறைந்தது. நான் டெஸ்ட் லாம்பை எடுத்தேன். மற்ற ஒயரை, கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரலில் வைத்தால் பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த்தில் வைத்தால் இழை மட்டும் மங்கலாகச் சிவந்து நின்றது. வெள்ளிக்கிழமை என் கண்முன்னால் எரிந்த அதே பல்பு, அதே பாயின்ட்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனோம். குளிக்கிற கல்லைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எர்த் குழாயைச் சுற்றிலும் ஒரு இடைவெளி. விரலை விட்டேன், இரண்டு கணு உள்ளே போனது. மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற கரிசல் மண், காய்ந்தால் சுருங்கி ஒதுங்கிவிடும். குழாய் தனியாக நின்றது, மண் தனியாக நின்றது.

பொன்னம்மா பின்னாலேயே வந்துவிட்டார். "குளிக்கிற எடத்துல என்னத்தத் தேடுதீங்க?"

"அம்மா, நீங்கள்லாம் என்னைக்கு இங்கன குளிக்கீங்க?" என்று கேட்டார் ராணி மேடம்.

"இது என்ன தாயி, ஆம்பளைய வச்சுக்கிட்டு இதப்போயி கேக்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டவர் பிறகு சொன்னார். தெருக்குழாயில் தண்ணீர் வருவது வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். அதைப் பிடித்து வைத்து வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தாயும் மகளும் தலைமுழுகுவார்கள். மற்ற நாளில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. "ஏனம் கழுவுன தண்ணியக்கூடக் கீழ ஊத்துததில்ல, குட்டிகளுக்குத்தான். பெறவு இந்தக் கல்லுல ஏது ஈரம்?"

நானும் ராணி மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செண்பகம் உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் என்று பொன்னம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. குழாயைச் சுற்றி மெதுவாக ஊற்றினாள். மண் விடாமல் குடித்தது. நான் உள்ளே டெஸ்ட் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவந்திருந்த இழை மஞ்சளானது, மஞ்சள் வெள்ளையானது. அம்மாவும் மகளும் வாசற்படியில் நின்று அந்தப் பல்பையே பார்த்தார்கள்.

"அப்போ சாம்பிராணி இல்லியா?" என்றார் பொன்னம்மா, ஏமாந்துபோய்.

"சாம்பிராணியும் காட்டுங்க அம்மா, நல்ல வாசம். கூடக் கொஞ்சம் தண்ணியும் காட்டுங்க" என்றார் ராணி மேடம். என் கைராசியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

குழாயைச் சுற்றிக் குழி எடுத்துக் கரியும் உப்பும் போட்டுத் தருகிறேன் என்றேன். அது ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். ஆனாலும் மழை வரும்வரை தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.  குட்டிகளுக்கே தண்ணீர் பற்றாத வீட்டில் ஒரு குடத்தை மண்ணில் கொட்டு என்று எப்படிச் சொல்வது? செண்பகம் மானிட்டரைத் துணியால் மூடினாள். "விடுங்க அண்ணாச்சி. குட்டி வாயில்லாச் சீவன். நான் திருப்பூருக்கே போயிருதேன்" என்றாள். 

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெரியவர் ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பொன்னம்மா எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"எம்புட்டுத் தண்ணி?" என்று மட்டும் கேட்டார் என்னிடம்.

"தெனமும் ஒரு குடம் போதும்யா."

குட்டியைக் கீழே இறக்கிவிட்டார். "சரி" என்றார். 

பெரியவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பீடி இல்லை, வெற்றிலை இல்லை. அவருக்கு இருந்த ஒரே சொகுசு பம்புசெட் குளியல். ராத்திரி ஆட்டுக்கிடை போடுகிற பருத்திக்காட்டுக்காரர் கிணற்றில் மோட்டார் ஓடும் நேரம் பார்த்துப் போய், குழாய்க்கு நேரே முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவாராம். "அவியளுக்குச் சோறு இல்லாட்டாலும் பரவாயில்ல, அந்தக் குளியல் இருக்கணும்" என்று பொன்னம்மா பலமுறை கேலி செய்து கேட்டிருக்கிறேன்.

கரியும் உப்பும் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வேண்டுமென்றே ஒரு புதன்கிழமை போனேன். பொழுது சாய்கிற நேரம். பெரியவர் சைக்கிளில் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். குளிக்கிற கல்லில் உட்கார்ந்து, கேனிலிருந்து செம்பு செம்பாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். அழுக்குத் தண்ணீர் அவர் காலடியிலிருந்து ஓடி எர்த் குழாயைச் சுற்றித் தேங்கியது.

"ஏன்யா, பம்புசெட்டுலயே நல்லாக் குளிச்சிட்டு, இதைச் சும்மா ஊத்தலாம்லா?" என்றேன்.

"ஒரு ஆளுத் தண்ணிதான் அவருகிட்டக் கேக்க முடியும். ரெண்டு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். இன்னொரு செம்பை ஊற்றிக்கொண்டார். "அங்கன குளிச்சா பருத்திக்குப் போவுது. இங்கன குளிச்சா பிள்ளைக்குப் போவுது."

உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி செண்பகம் புறங்கையைத் தகரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். சுருக்கென்றால் ஈரம் பற்றவில்லை என்று கணக்கு.

"போதுமா தாயி?" என்று பெரியவர் வெளியிலிருந்தே கத்தினார்.

கீபோர்டு சத்தம் நின்றது. "இன்னும் ரெண்டு செம்பு."

ஊற்றிக்கொண்டார். "இப்போ?"

"போதும்யா."

அப்பாவை அவள் அய்யா என்றுதான் கூப்பிடுவாள். மறுபடி கீபோர்டு சத்தம். "மகளுக்குக் கரண்டு குளிச்சுவிடுதாவ" என்றார் பொன்னம்மா அடுப்படியிலிருந்து. நான் வேறு பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல் பையைத் துழாவினேன். கண் கலங்கிவிட்டது, என்ன செய்ய?

முருகேசன் சொன்னபடி சித்திரைக் கடைசியில் வந்தான். செண்பகம் துணிமணியைக் கட்டி வைக்கவில்லை. வைகாசிப் பத்திரிகைகளை அடித்துக்கொண்டிருந்தாள். அவன் சத்தம் போட்டானாம். பெரியவர் அவனைக் கத்தவிட்டார். சாயங்காலம் கேனைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, "இன்னைக்கு நீ குளி. இங்கன இருந்து குளி" என்றாராம். அவனும் குளித்தான். தங்கச்சி உள்ளே இருந்து போதும் என்று சொல்கிறவரை ஊற்றிக்கொண்டானாம். இரண்டு நாள் இருந்துவிட்டுத் தனியாகத்தான் பஸ் ஏறினான். அந்த முகூர்த்தத்தில் ஒரு பத்திரிகைகூடப் பிந்தவில்லை.

ஐப்பசியில் மழை அடித்துப் பெய்தது. கண்மாய் பெருகியது. இனிமேல் பம்புசெட்டுக்குப் போகலாமே என்று பெரியவரிடம் சொன்னேன். "இந்த மண்ண நம்ப முடியாது" என்றார். கேன் மட்டும் சைக்கிளிலிருந்து இறங்கியது. குளியல் அந்தக் கல்லில்தான்.

வருடங்கள் ஓடின. செண்பகம் வாசல்பக்கம் ஒரு அறை கட்டி, ஜெராக்ஸும் வைத்துக்கொண்டாள். பட்டா நகலுக்கும் சான்றிதழுக்கும் சுற்றுவட்டார ஊர்கள் அவளிடம்தான் வந்தன. கம்ப்யூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தோம். முதலில் ராம், பிறகு டிஸ்க், பிறகு போர்டு. கடைசியில் பழைய கேபினட்டின் தகரம் மட்டும்தான் மிச்சம். புது அறைக்கு நானே நல்ல எர்த் ஒன்றைத் தனியாகப் போட்டேன். குளிக்கிற கல்லுக்கு வந்த பழைய ஒயரை வெட்டிச் சுருட்டினேன். பெரியவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "அய்யா, இனிமே அந்தக் குழாய்க்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே கிடையாது" என்று புரியும்படி சொன்னேன். தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலமும் அங்கேதான் குளித்தார். "போதுமா தாயி?" என்று கேட்டார். அவளும் புறங்கையைத் தகரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "போதும்யா" என்றாள். அதற்குப் பிறகும் அப்படித்தான். ஒயர் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் இறந்த தகவல் வந்தபோது நானும் ராணி மேடமும் சேர்ந்துதான் போனோம். நீர்மாலைக்குப் போனவர்கள் ஊருணியிலிருந்து குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டுச் சத்தத்தோடு திரும்பி வந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் கடைசியாகக் குளிப்பாட்டுவது. முன்வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். செண்பகம் எழுந்து வந்தாள்.

"அய்யாவ இங்கன வேண்டாம். பின்னால கல்லுகிட்ட வச்சுக் குளிப்பாட்டுங்க."

உறவுக்கார மூத்தவர் ஒருவர், "அது மொறையில்ல தாயி. மொகப்புலதான் செய்யணும்" என்றார்.

முருகேசன் முன்னால் வந்தான். குனிந்து பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் கொண்டுபோய்க் கல்லை ஒட்டிப் போட்டோம். துருவேறிய எர்த் குழாய் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. பெரியவரைக் கிடத்தினார்கள். முருகேசன் முதல் குடத்தை ஊற்றினான். பங்காளிகள் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். தண்ணீர் பெஞ்சிலிருந்து இறங்கி, பழகிய வழியிலேயே ஓடி, குழாயைச் சுற்றித் தேங்கியது.

செண்பகம் அங்கே இல்லை. தேடிக்கொண்டு உள்ளே போனேன். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவள் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே கடைசிக் குடம் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவள் துணியை விலக்கி, புறங்கையைத் தகரத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு பின்வாசல் பக்கம் பார்த்து, கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே, "போதும்யா" என்றாள்.